பாசறை வாசலில் காத்திருந்தவர்கள்: வன்னிப் பெற்றோரும் நமது பதிவுகளும்

வடபுல முஸ்லிம்களின் வெளியேற்றம் பற்றி நம்மவர்கள் எழுதியவற்றைப் பல வருடங்களாகச் சேர்த்து வருகிறேன். பள்ளிவாசல் மலர்கள், பாடசாலை ஆண்டு நிறைவு இதழ்கள், கவிதைத் தொகுப்புகள், புத்தளத்து முகாம்களிலிருந்து எழுதப்பட்ட நினைவுக் குறிப்புகள், 2011இல் வந்த பிரஜைகள் ஆணைக்குழு அறிக்கை எல்லாம் என்னிடம் இருக்கின்றன. இவற்றில் அநேகமானவை ஒரே பாதையில் நடக்கின்றன. 1990 ஒக்டோபரில் ஊரை விட்டுக் கிளம்பிப் புத்தளத்திலோ அனுராதபுரத்திலோ வவுனியாவிலோ தங்கி, 2009க்குப் பிறகு மீண்டும் ஊருக்கு வந்து சேர்கின்றன. இடையில் கிடக்கிற 19 வருடம் வன்னிக்குள் என்ன நடந்தது என்பது நமது எழுத்தில் இல்லை. நாம் அங்கே இருக்கவில்லையே, எப்படி எழுதுவது என்று கேட்டால் அது நியாயமான கேள்விதான். ஆனால் திரும்பிப் போனவர்கள் இன்று குடியிருக்கிற நீராவிப்பிட்டியிலும் ஹிஜ்ராபுரத்திலும் தண்ணீரூற்றிலும் அயலில் இருப்பவர்கள் அந்த 19 வருடத்தையும் அங்கேயே கழித்தவர்கள். அவர்களுடைய வீடுகளில் மாலை போட்ட படங்கள் தொங்குகின்றன. போடாத படங்களும் தொங்குகின்றன.

அந்த மாலை போடாத படங்களைப் பற்றி எழுதவேண்டும் என்று ஒரு நண்பரிடம் சொன்னேன். வவுனியா பஸாரில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தோம். அவர் சட்டென்று சொன்னார்: “அவங்கட பிள்ளைகள்தானே துவக்கோட வந்து நம்மளப் போகச் சொன்னது? அதுக்கு நாம ஏன் அழணும்?” இன்னொருவர் இதைவிட ஒரு படி மேலே போய், அநீதி இழைக்கப்பட்டவனின் துஆவுக்குத் திரை இல்லை, நம்மட உம்மாமார் அழுத அழுகைதான் முள்ளிவாய்க்காலில் போய் முடிந்தது என்றார். இந்தப் பேச்சை நான் பல இடங்களில் கேட்டிருக்கிறேன். நீங்களும் கேட்டிருப்பீர்கள்.

ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். புலிகள் வன்னியில் கட்டாய ஆட்சேர்ப்பை உச்சத்துக்குக் கொண்டுபோனது 2007, 2008 ஆண்டுகளில். அப்போது 17, 18 வயதில் பிடித்துச் செல்லப்பட்டவர்கள் 1990ஐ ஒட்டிப் பிறந்தவர்கள். நமது மக்கள் பொட்டலங்களோடு ஊரைவிட்டு நடந்தபோது அந்தப் பிள்ளைகள் தொட்டிலில் கிடந்தார்கள், அல்லது தாயின் வயிற்றில் இருந்தார்கள். 2004இல் 15 வயதில் கொண்டுபோகப்பட்ட பிள்ளை 1989இல் பிறந்தது. இவர்களில் ஒருவர்கூட நம் வாசலுக்குத் துவக்கோடு வந்திருக்க முடியாது. ஒருவருடைய பாவச் சுமையை இன்னொருவர் தலையில் ஏற்றக்கூடாது என்பது நமது மார்க்கத்தின் அடிப்படை. அந்தப் பிள்ளைகளின் பெற்றோரிடம் வேறு கேள்வி கேட்கலாம், 1990இல் நீங்கள் ஏன் பேசாமல் இருந்தீர்கள் என்று. அதைக் கேட்க நமக்கு உரிமை உண்டு. ஆனால் அதைக் கேட்பதற்கு முன், பதினைந்து வருடம் கழித்து அதே துவக்கு அவர்களுடைய வாசலுக்கு வந்தபோது என்ன நடந்தது என்பதை அறிந்துகொள்ள வேண்டும்.

படைக்குப் போன பிள்ளையிடமிருந்து செய்தி வருமா என்று பெற்றோர் காத்திருப்பது உலகத்தில் புதிய விடயமல்ல. முதலாம் உலக யுத்தத்தில் பிரான்சுக்கு அனுப்பப்பட்ட இந்தியச் சிப்பாய்களில் பஞ்சாப் முஸ்லிம்கள் பெருந்தொகை. அவர்கள் ஊருக்கு எழுதிய கடிதங்களைத் தணிக்கை அதிகாரிகள் மொழிபெயர்த்துப் பார்த்தே அனுப்பினார்கள். அப்படி எடுத்த பிரதிகள் இன்றும் லண்டனில் பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கின்றன. டேவிட் ஒமிசி என்ற வரலாற்றாசிரியர் அவற்றில் ஒரு பகுதியை 1999இல் நூலாக்கினார். பிரிட்டிஷ் சிப்பாய்களுக்கு ஓர் அச்சடித்த அட்டை கொடுக்கப்பட்டது. சுகமாக இருக்கிறேன், ஆஸ்பத்திரியில் இருக்கிறேன் என்பதுபோன்ற சில வரிகள் அதில் இருக்கும். பொருந்தாததை வெட்டிவிட்டுக் கையெழுத்துப் போடவேண்டும். வேறொரு சொல் எழுதினாலும் அட்டை கிழித்து எறியப்படும். இன்றைக்கும் அமெரிக்க மரீன் படையில் சேர்கிற பையன் 13 வாரப் பயிற்சிக்கு வந்து இறங்கிய இரவே வீட்டுக்குத் தொலைபேசி எடுக்கவேண்டும். சொந்தமாக ஒன்றும் பேசக்கூடாது. வந்து சேர்ந்துவிட்டேன் என்ற அளவில் எழுதி ஒட்டியிருப்பதை வாசித்துவிட்டு வைத்துவிட வேண்டியதுதான். ஈரமில்லாத ஏற்பாடுகள்தான். ஆனாலும் ஏகாதிபத்திய இராணுவங்கள்கூட, தாயொருத்தி வாசலைப் பார்த்துக்கொண்டு இருப்பாள் என்பதை ஒத்துக்கொண்டு அதற்கென்று ஓர் அட்டையையாவது அச்சடித்தன.

வன்னியில் அந்த அட்டை இருக்கவில்லை. மனித உரிமைகள் கண்காணிப்பகம் 2004 நவம்பரில் வெளியிட்ட அறிக்கை, சேர்க்கப்பட்ட பிள்ளைகளில் பெரும்பாலானோருக்குக் குடும்பத்தோடு தொடர்பு கொள்ள அனுமதி இருக்கவில்லை என்று சொல்கிறது. இதை இன்னும் இறுக்கியது இயக்கப் பெயர். பயிற்சிப் பாசறைக்குள் காலடி வைத்ததும் பிள்ளைக்கு வேறு பெயர். பிறப்புச் சான்றிதழில் உள்ள பெயரை அங்கே யாருக்கும் தெரியாது. இயக்கப் பெயரோ வீட்டாருக்குத் தெரியாது. மகள் எந்த ‘பேஸில்’ இருக்கிறாள் என்று விசாரித்து ஒரு தாய் சைக்கிளில் இருபது மைல் போய் வாசலில் நின்று பெயரைச் சொன்னால், அப்படி ஒருவரும் இங்கே இல்லை என்று காவலில் நிற்கிற பிள்ளை சொல்லும். அந்தப் பிள்ளை பொய் சொல்கிறதென்றும் சொல்ல முடியாது.

ஆக, செய்தி வேறு வழிகளில்தான் வந்தது. தப்பி வந்த இன்னொரு பிள்ளை சொல்லும். காயப்பட்டு வந்த பக்கத்து ஊர்ப் பெடியன் சொல்லுவான். இல்லாவிட்டால் ‘புலிகளின் குரல்’ வானொலி சொல்லும், ‘ஈழநாதம்’ பத்திரிகையில் வரும். அவை சொன்னவை வீரச்சாவுச் செய்திகள். இயக்கப் பெயர், சொந்தப் பெயர், மாவட்டம் என்று அப்போது மட்டும் இரண்டு பெயரும் ஒன்றாகச் சேர்ந்து வந்தன. வானொலியில் தன் பிள்ளையின் பெயர் வராத ஒவ்வொரு மாலையும் அந்த வீட்டுக்கு ஒரு நல்ல செய்தி.

2002 பெப்ரவரியில் போர்நிறுத்த ஒப்பந்தம் கைச்சாத்தாகி, ஏப்ரலில் ஏ9 வீதி திறந்தபின் வன்னிச் சனம் சாமான் வாங்க வவுனியாவுக்கு வரத் தொடங்கியது. எங்கள் வாப்பாவின் புடைவைக் கடையில் பின்னேரங்களில் நானும் நிற்பேன். போர்நிறுத்தக் காலத்தில்தான், ஒரு நாள், முல்லைத்தீவுப் பக்கமிருந்து வந்த ஓர் அம்மா பாவாடை சட்டைத் துணி கேட்டார். “அளவு என்னம்மா?” என்றேன். “அதுதான் தம்பி தெரியேல்ல. கொண்டுபோய் ஒரு வருசமாப் போச்சு. இப்ப வளந்திருப்பாளோ மெலிஞ்சிருப்பாளோ. நீங்களே ஒரு மட்டாப் பாத்து வெட்டுங்கோ. வந்தா தச்சுக் குடுக்க.” வாப்பா கல்லாவிலிருந்து எழுந்து வந்து, தாராளமாக அரை யார் கூட வெட்டச் சொன்னார். அந்த அம்மா போனபிறகும் அதைப்பற்றி வாப்பா ஒன்றும் பேசவில்லை. யூசுப் அத்தியாயத்தில் யஃகூப் (அலை) அவர்களுக்கு மகனைப் பற்றிய முதல் செய்தியாக வந்ததும் ஒரு சட்டைதான், பல வருடம் கழித்து வந்த நற்செய்தியும் ஒரு சட்டைதான். இரண்டுக்கும் நடுவில் அழுதழுது அவர்களுடைய கண்கள் வெளுத்துப் போயின என்று குர்ஆன் சொல்கிறது. நபியாக இருந்தவர்களுக்கே அப்படி.

இந்தக் காத்திருப்புக்கு எழுத்துச் சான்று இருக்கிறதா என்று ஆய்வாளர்கள் கேட்பார்கள். இருக்கிறது, அதை நாம் அந்தக் கண்ணோடு வாசிக்கவில்லை, அவ்வளவுதான். 2003க்கும் 2008 கடைசிக்கும் இடையில் புலிகள் சிறுவர்களைச் சேர்த்ததாக 6,000க்கும் மேற்பட்ட சம்பவங்களை யுனிசெப் பதிவு செய்தது. மேடைகளில் இந்த எண்ணைப் புலிகளுக்கு எதிரான குற்றப்பத்திரிகையாக வாசிப்பார்கள். அது சரியே. ஆனால் அந்தப் பதிவேடு எப்படி நிரம்பியது? பெரும்பாலும் ஒரு தாயோ தகப்பனோ ஓர் அலுவலகத்துக்குப் போய், என் பிள்ளை இன்ன தேதியில் பிறந்தது, இன்ன இடத்தில் வைத்துக் கொண்டுபோனார்கள் என்று சொன்னதனால். புலிகளின் ஆட்சிக்குள் குடியிருந்துகொண்டு அப்படிச் சொல்வது லேசுப்பட்ட காரியமல்ல. அலுவலகத்துக்குள் நுழைகிறவரை யார் பார்க்கிறார்கள் என்பது வெளியே தெருவில் நின்றவர்களுக்குத் தெரியும். பயந்து போகாதவர்களின் தொகை இந்த 6,000க்குள் இல்லை. யுனிசெப்பே உண்மையான எண் இதைவிடக் கூட என்றுதான் சொன்னது. வன்னியிலும் கிழக்கிலும் பெற்றோர் எழுதிய கூட்டு வரலாறு என்று ஒன்று இருந்தால் அது அந்தப் பதிவேடு.

2003இல் ஒரு நம்பிக்கையும் பிறந்தது. போரால் பாதிக்கப்பட்ட சிறுவர்களுக்கான செயற்றிட்டத்தில் அரசும் புலிகளும் ஒப்பமிட்டார்கள். அந்த ஒக்டோபரில் கிளிநொச்சியில் ஓர் இடைத்தங்கல் நிலையம் திறக்கப்பட்டு, 49 பிள்ளைகள் விடுவிக்கப்பட்டார்கள். ஆனால் விட்டதைவிடப் பிடித்தது அதிகமாக இருந்தது. 2006 ஒக்டோபரில் புலிகள் தமது சிறுவர் பாதுகாப்புச் சட்டத்தைக் கொண்டுவந்தார்கள். 17 வயதுக்குக் கீழ் சேர்க்கக்கூடாது, 18 வயதுக்குக் கீழ் சண்டைக்கு அனுப்பக்கூடாது என்றது அது. சர்வதேசச் சட்டப்படி அரசு சாராத ஆயுதக் குழுக்கள் 18 வயதுக்குட்பட்ட எவரையும் சேர்க்கக்கூடாது. சட்டம் வந்த அதே காலத்தில்தான் ‘வீட்டுக்கு ஒருவர்’ என்பது வேண்டுகோளாக இருந்த நிலைமாறிக் கட்டளையானது.

ஆரம்பத்தில் அப்படி இருக்கவில்லை என்பதையும் சொல்லவேண்டும். 1983க்குப் பிறகு பிள்ளைகள் தாமாகவே, வீட்டுக்குச் சொல்லாமல், வள்ளமேறிப் போனார்கள். வடக்கிலும் கிழக்கிலும் நம்முடைய இளைஞர்களும் ஈரோஸ், ஈ.பி.ஆர்.எல்.எப்., புளொட், புலிகள் என்று எல்லா இயக்கங்களிலும் சேர்ந்தார்கள். இப்போது அதைப் பேச நமக்குக் கூச்சம். அன்று காத்திருந்தவர்களில் உம்மாமாரும் இருந்தார்கள். 1990 ஜூனில் கிழக்கில் பொலிஸ் நிலையங்களில் சரணடையச் செய்து கொல்லப்பட்ட நூற்றுக்கணக்கான பொலிஸாரில் முஸ்லிம்களும் இருந்தார்கள். அவர்களுடைய உம்மாமாரும் செய்தி வருமென்று வாசலில் இருந்தவர்கள்தான். அதற்கு நான்கு மாதம் கழித்து வடக்கிலிருந்து 75,000 அளவான முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டார்கள். நம்மை ஊரை விட்டுத் துரத்திய அந்த அநியாயம், 2007இல் நம் பிள்ளைகளை வீட்டுக்கு ஒருவர் கணக்கிலிருந்து காப்பாற்றிவிட்டது. இதை எழுதும்போது கை தயங்குகிறது. வெளியேற்றத்துக்கு நன்றி சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ளக்கூடாது. ஆனால் உண்மையை விட்டுவிட்டு எழுத முடியாது. நீராவிப்பிட்டியில் இருந்திருந்தால், 2008இல் 18 வயதான என் மருமகனை ஒளித்துவைக்க நாங்களும் காடு தேடியிருப்போம்.

ஒளித்துவைத்த கதைகள் மனித உரிமைகள் கண்காணிப்பகத்தின் 2008 டிசம்பர் அறிக்கையிலும், மனித உரிமைகளுக்கான பல்கலைக்கழக ஆசிரியர்கள் (யாழ்ப்பாணம்) அமைப்பின் 2009 அறிக்கைகளிலும் விரிவாக இருக்கின்றன. பிள்ளைகள் காட்டிலும் நிலத்தடிப் பதுங்குகுழியிலும் மாதக்கணக்கில் இருந்தார்கள். கலியாணம் முடித்தவர்களைப் பிடிப்பதில்லை என்றிருந்த காலத்தில் அவசரக் கலியாணங்கள் நடந்தன. பிறகு அந்தச் சலுகையும் போனது. பிள்ளை தப்பியோடினால் தகப்பனையோ தம்பியையோ தங்கச்சியையோ பிணையாகப் பிடித்தார்கள். வன்னியை விட்டு வெளியே போக ‘பாஸ்’ வேண்டும். பாஸ் எடுத்துப் போகிறவருக்குக் குடும்பத்தில் ஒருவர் பின்னால் பிணை நிற்க வேண்டும். 2006 ஓகஸ்டில் முகமாலைப் பாதையும் மூடப்பட்டது. ஒரு பிள்ளை பாசறையில் இருக்க, இன்னொரு பிள்ளையை ஒளித்து வைத்துக்கொண்டு, இருவரில் யார் பற்றிய செய்தி முதலில் வரும் என்று இருந்த வீடுகள் வன்னியில் கணக்கில்லை.

இந்த இடத்தில் நமது மரபில் உள்ள ஒரு விடயத்தைச் சொல்லாமல் போக மனமில்லை. உஹத் போருக்குப் புறப்பட்டபோது 14 வயதாயிருந்த இப்னு உமர் (ரலி) அவர்களை நபி (ஸல்) அவர்கள் திருப்பி அனுப்பினார்கள். அகழ்ப்போரின்போது 15 வயதானபின்தான் அனுமதித்தார்கள். போருக்குப் போக அனுமதி கேட்டு வந்த வேறொருவரிடம் உன் பெற்றோர் உயிரோடு இருக்கிறார்களா என்று விசாரித்து, அவர்களுக்குப் பணிவிடை செய்யச் சொல்லி அனுப்பிய செய்தியும் புகாரியில் இருக்கிறது. இவற்றை வைத்தே, எல்லோர் மீதும் கட்டாயமாகாத போருக்குப் பெற்றோரின் சம்மதம் வேண்டும் என்று நமது சட்ட அறிஞர்கள் விதித்தார்கள். புலிகளுக்கு ஃபிக்ஹ் படிப்பிப்பதற்காக இதைச் சொல்லவில்லை. ஒரு படையை மதிப்பிடும்போது அது எத்தனை போரில் வென்றது என்பதற்கு முன்னால், யாரைத் திருப்பி அனுப்பியது, யாருடைய பெற்றோரிடம் கேட்டது என்று பார்க்கிற பழக்கம் நம்மிடம் இருந்திருக்கிறது. அந்த அளவுகோலை நாம் கைவிட்டு விடக்கூடாது. நம் இளைஞர்களின் காதில் யாராவது வேறு பாடம் ஓதும்போதும் அது தேவைப்படும்.

பெற்றோரின் அச்சத்தை அரச தரப்பும் பெருக்கியது. 2006 ஓகஸ்ட் 14ஆம் திகதி வள்ளிபுனத்தில் செஞ்சோலை வளாகத்தின் மீது விமானப்படை குண்டு போட்டது. கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டப் பாடசாலைகளின் உயர்தர மாணவிகள் பயிற்சி நெறிக்காக அங்கே கூடியிருந்தார்கள். ஐம்பதுக்கும் மேற்பட்டோர் இறந்ததாகச் சொல்லப்படுகிறது. அது புலிகளின் பயிற்சி முகாம் என்றது அரசாங்கம். முதலுதவிப் பயிற்சிக்கு வந்த பாடசாலைப் பிள்ளைகள் என்றது யுனிசெப். அன்று அங்கே ஓடிவந்த தாய்மாருக்கு இந்த விவாதத்தில் எந்தப் பங்கும் இருக்கவில்லை. மகளை அனுப்பாமல் இருக்கவும் முடியாது, அனுப்பினால் திரும்பி வருவாளா என்றும் தெரியாது என்ற நிலையில் அவர்கள் முன்பே இருந்தவர்கள்.

கடைசிக் கட்டத்தைச் சுருக்கமாகவே சொல்கிறேன். 2009இல், வலைஞர்மடம் தேவாலயத்தில் அடைக்கலம் புகுந்திருந்த இளைஞர், யுவதிகளில் நூற்றுக்கணக்கானோரைப் புலிகள் பலவந்தமாக வாகனங்களில் ஏற்றிக் கொண்டுபோனார்கள். ஐ.நா. செயலாளர் நாயகத்தின் நிபுணர் குழு 2011இல் கொடுத்த அறிக்கையும் இதைப் பதிவு செய்திருக்கிறது. சில நாள் பயிற்சிதான். அதற்குப் பிறகு முன்னரங்கு. கடற்கரை ஓரத் துண்டு நிலத்தில், எறிகணைக்குள், பெற்றோர் பிள்ளையைத் தேடி ஒரு முன்னரங்கிலிருந்து இன்னொன்றுக்கு நடந்தார்கள்.

போர் முடிந்ததும் செட்டிகுளம் மெனிக் பாம் உள்ளிட்ட முகாம்களில் இரண்டரை இலட்சத்துக்கும் அதிகமானவர்கள் முள்வேலிக்குள் அடைக்கப்பட்டார்கள். வவுனியாப் பள்ளிவாசல்களில் சேர்த்த உணவுப் பொதிகளோடு போனவர்களில் நானும் ஒருவன். கம்பிக்கு அந்தப் பக்கம் நின்றவர்கள் பொதியை வாங்கியபடியே பெயர் சொன்னார்கள். ஆஸ்பத்திரியில் இந்தப் பெயரில் யாரும் இருக்கிறார்களா, பம்பைமடுவில் இருக்கிறார்களாமே, கேட்டுச் சொல்ல ஏலுமா என்று. பயிற்சியின்போது தலைமயிர் கட்டையாக வெட்டப்பட்ட பெண் பிள்ளைகளை அந்த மயிரை வைத்தே அடையாளம் கண்டு இராணுவம் பிரித்தெடுத்தது. ஒரு மாதம் இழுத்துப் பிடித்து வைத்திருந்து தப்பி வந்த பிள்ளைக்கும் அதே கதிதான். சரணடைந்ததாகவும் பிடிபட்டதாகவும் சொல்லி 11,000க்கும் மேற்பட்டவர்கள் புனர்வாழ்வு நிலையங்களுக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். அவர்களில் 594 பேர் சிறுவர்கள் என்று அரசாங்கம் சொன்னது. அம்பேபுஸ்ஸயிலும் இரத்மலானை இந்துக் கல்லூரியிலும் அவர்கள் வைக்கப்பட்டார்கள். இந்தப் பட்டியல்களில் பெயர் இருந்த வீடுகளுக்குக் காத்திருப்பு அத்தோடு முடிந்தது.

சிங்களப் பெற்றோரும் இதே வன்னியைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள் என்பது நமது வாசகர்களில் பலருக்குத் தெரிந்திருக்காது. 1998 செப்டெம்பரில் கிளிநொச்சிப் படைத்தளத்தைப் புலிகள் கைப்பற்றியபோது நூற்றுக்கணக்கான சிப்பாய்கள் காணாமற்போனார்கள். அவர்களில் ஒருவர் கண்டியைச் சேர்ந்த விசாகா தர்மதாசவின் மகன். சிப்பாய்களின் கழுத்தில் அடையாளத் தகடுகூட இல்லை, உடலைக் கண்டெடுத்தாலும் யாருடையதென்று சொல்ல முடியாது என்பது அவருக்கு அப்போதுதான் தெரியவந்தது. புலிகள் தம் பிள்ளைகளுக்கு இலக்கத் தகடு கட்டியிருந்தார்கள். அரசாங்கம் கட்டவில்லை. காணாமற்போன படையினரின் பெற்றோரைச் சேர்த்து அமைப்பொன்றை உருவாக்கிய அவர் தகட்டுக்காகப் போராடினார். வன்னிக்குள் வந்து புலிகளின் தலைவர்களையும் சந்தித்தார், தமிழ்த் தாய்மாரையும் சந்தித்தார். பின்னாளில் பரணகம ஆணைக்குழுவுக்கு வந்த முறைப்பாடுகளில் சுமார் 5,000 படையினரின் குடும்பங்களிலிருந்து வந்தவை.

கதை 2009இலும் முடியவில்லை. 2012 நவம்பரில் கிளிநொச்சி பாரதிபுரத்தில் 109 தமிழ்ப் பெண்களை இராணுவம் சேர்த்துக்கொண்டது. அலுவலக வேலை என்று நம்பிப் போனதாகக் குடும்பங்கள் சொன்னன. டிசம்பரில் அவர்களில் ஒரு தொகுதியினர் கிளிநொச்சி வைத்தியசாலையில் சேர்க்கப்பட்டதும் ஊரெல்லாம் கதை பரவியது. அசம்பாவிதம் எதுவும் நடக்கவில்லை என்று இராணுவம் மறுத்தது. மறுப்பு உண்மையாகவே இருக்கட்டும். சீருடை மாறியிருந்தது, மொழி மாறியிருந்தது. ஆனால் பயிற்சி முகாம் வாசலுக்குப் போய் மகளைப் பார்க்கவேண்டும் என்று கேட்கிற தாய்மார் அதே ஊர்த் தாய்மார்தான்.

2017 பெப்ரவரி 20ஆம் திகதி கிளிநொச்சி கந்தசுவாமி கோயில் முன்பாகவும், 24ஆம் திகதி வவுனியாவிலும், மார்ச்சில் முல்லைத்தீவிலும் பெற்றோர் கொட்டில் போட்டு உட்கார்ந்தார்கள். அங்கே தொங்கிய படங்களில் வீட்டிலிருந்து இராணுவத்தால் கொண்டுபோகப்பட்டவர்கள் இருந்தார்கள், 2009 மே மாதத்தில் வட்டுவாகலில் பெற்றோரே கையளித்தவர்கள் இருந்தார்கள், இயக்கத்தால் பிடித்துச் செல்லப்பட்டுப் பின் தகவலற்றுப் போனவர்களும் இருந்தார்கள். அந்தப் போராட்டம் அரசாங்கத்தை நோக்கியது. சரணடைந்தவர்களை என்ன செய்தாய் என்ற கேள்விக்கு இன்றுவரை பதில் வராததால் அது நியாயமானதும்கூட. ஆனால் மூன்றாம் வகைப் படத்தோடு உட்கார்ந்திருக்கிற தாய்க்கு அந்த மேடையில் தன் கதையின் முன்பாதியைச் சொல்ல இடமில்லை. சொன்னால் இயக்கத்தைக் காட்டிக்கொடுத்ததாகும். அரசாங்கத்திடம் போய்ச் சொன்னால் பின்பாதியை மறந்துவிட்டு முன்பாதியை மட்டும் எழுதிக்கொள்வார்கள். ஆள்பிடிப்புக்குப் பொறுப்பாக இருந்ததாகக் குற்றஞ்சாட்டப்பட்ட ஒருவரே சரணடைந்தபின் காணாமல் ஆக்கப்பட்டார். அவருக்காக அவருடைய மனைவி நீதிமன்றம் ஏறினார். அவர் கொண்டுபோனதாகச் சொல்லப்படும் பிள்ளைகளின் தாய்மாரும் அவர் மனைவியும் ஒரே கோரிக்கைக்காக நிற்க வேண்டியதாயிற்று.

இரண்டு பாதியையும் அந்தத் தாய் யாரிடமாவது சொல்லக்கூடுமென்றால், அது இரண்டு தரப்பிலும் சேராத அயலவரிடம்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. முள்ளியவளைப் பக்கம் திரும்பிப் போன நம்முடைய பெண்கள் சிலர் காணிச் சண்டைகளையும் தாண்டிப் பக்கத்து வீட்டோடு பழகுகிறார்கள். அவர்கள் கேட்டுவந்து எனக்குச் சொன்ன கதைகள் எந்த அறிக்கையிலும் இல்லாதவை. பெயர்களோடு அவற்றை அச்சிடும் காலம் இன்னும் வரவில்லை. கையெழுத்தில் எழுதி, திகதி போட்டு வைக்கச் சொல்லியிருக்கிறேன். 2017க்குப் பிறகு நீதிக்காகக் காத்திருந்த பெற்றோரில் நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்துவிட்டார்கள். அவசரம் இருக்கிறது.

எழுதும்போது ஒரு சிக்கல் வருவதாக அந்தப் பெண்களில் ஒருவர் சொன்னார். பிள்ளையின் பெயர் என்று ஒரு கோடு போட்டிருந்தோம். தாய்மார் வீட்டுப் பெயரைச் சொல்கிறார்கள். கடைசியாகக் கண்டதாகச் சொல்கிறவர்களோ, தப்பி வந்த தோழிகளோ, இயக்கப் பெயரைத்தான் சொல்கிறார்கள். இரண்டும் ஒரே பிள்ளைதானா என்று சொல்லச் சில வீடுகளில் ஆளில்லை. இப்போது கோட்டை இரண்டாக்கியிருக்கிறோம். இரண்டாவது கோடு பெரும்பாலும் வெறுமையாகவே வருகிறது.